முதலில் எதைக் கழற்றுவது? கதிரியக்கப் பகுதியிலிருந்து வெளியே வருவது பற்றி

கேட்டவர் ஓர் ஒப்பந்த ஃபிட்டர். பராமரிப்புக்காக உலையை நிறுத்தியிருக்கும் கனநீர் அணுமின் நிலையம் ஒன்றில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறதாம். அவருடைய சந்தேகங்கள் நான்கு. வேலை முடிந்து வரும்போது உள் கையுறையை முன்னதாகவே கழற்றிவிட்டதற்கு மேற்பார்வையாளர் சத்தம் போட்டார்; வரிசை மாறினால் என்ன கெட்டுவிடும்? கதிரை அளக்க மார்பில் மாட்டிய பேட்ஜை முதலில் எடுப்பதா, கடைசியிலா? வெளியேறுகிறவர் உடம்பில் மாசு இருக்கிறதா என்று பார்க்கும் வாசல் மானிட்டர் ஒரு நாள் அலறியது, பயப்பட வேண்டுமா? கடைசியாக, வீட்டில் அக்கா தன் கைக்குழந்தையை இவர் தூக்கக் கூடாது என்று சொல்கிறாராம், அது சரியா?

தம்பி, நான் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் வேலை நாட்களில் பெரும்பகுதி, அழுக்குப் பக்கத்தையும் சுத்தப் பக்கத்தையும் பிரிக்கும் தடுப்புப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் உடை கழற்றுவதைப் பார்ப்பதிலேயே போனது. உங்கள் மேற்பார்வையாளர் சத்தம் போட்டது சரி. காரணத்தைச் சொல்லாமல் விட்டது தவறு. காரணம் தெரியாதவனுக்கு வரிசை மனப்பாடப் பாட்டு மாதிரி. நடுவில் ஒரு வரி மறந்தால் எல்லாம் போயிற்று.

கதிர்வீச்சு வேறு, கதிரியக்க மாசு வேறு. விறகடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பின் முன்னால் நின்றால் அனல் அடிக்கும். எழுந்து போனால் அனல் கூடவே வராது. ஆனால் பாத்திரத்தின் அடியில் இருக்கும் கரி கையில் பட்டால், அது நீங்கள் தொடும் கதவிலும் சட்டையிலும் முகத்திலும் ஒட்டிக்கொண்டே வரும். உலைக் கட்டடத்துக்குள் குழாய்களிலிருந்து வரும் காமாக் கதிர் அனல். வால்வைப் பிரிக்கும்போது சிந்தும் நீர், தரையில் படிந்த தூசி, துருப்பொடி எல்லாம் கரி. நீங்கள் போட்டுக்கொள்ளும் ஓவராலும் கையுறையும் அனலைத் தடுப்பதற்காகத் தைத்தவை அல்ல. காமாக் கதிர் அந்தத் துணியை ஒரு பொருட்டாகவே மதிக்காது. உடை கரிக்காக. அனலுக்கு மருந்து வேறு: குறைந்த நேரம், அதிக தூரம், நடுவில் ஈயமோ கான்கிரீட்டோ.

இது புரிந்தால் உடை கழற்றும் இடம் ஏன் இத்தனை கெடுபிடியாக இருக்கிறது என்பதும் புரிந்துவிடும். வேலை நடக்கும்போது கரி முழுவதும் உடையின் வெளிப்புறத்தில் இருக்கிறது. அதற்கும் உங்கள் தோலுக்கும் நடுவில் துணி இருக்கிறது. கழற்றும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் அந்தத் தடுப்பை நீங்களே, உங்கள் கையாலேயே பிரிக்கிறீர்கள். நாள் முழுக்க ஒழுங்காக வேலை செய்தவன் கடைசி ஐந்து நிமிடத்தில் கரியைப் பூசிக்கொண்டு போனதை நிறையப் பார்த்திருக்கிறேன். களைப்பு, வியர்வை, பஸ் போய்விடும் என்ற அவசரம், மூன்றும் கூடும் நேரம் அது.

கொரோனா காலத்தில் மருத்துவமனை ஊழியர்கள் கவச உடையைக் கழற்றப் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். எங்கள் வேலையும் அதே மாதிரிதான், இரண்டு வித்தியாசங்களோடு. கிருமியைச் சானிடைசரால் கொல்லலாம். கதிரியக்கத்தை எந்த மருந்தாலும் கொல்ல முடியாது, ஓரிடத்திலிருந்து துடைத்து இன்னோரிடத்தில் போடத்தான் முடியும். ஆனால் கிருமி கையில் ஒட்டியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்க்கக் கருவி கிடையாது, எங்களுக்கு உண்டு. நீங்கள் தவறு செய்தால் அடுத்த நிமிடமே கருவி சொல்லிவிடும். இது பெரிய வசதி. அதை வெட்கப்பட வைக்கும் விஷயமாகப் பலர் நினைப்பதுதான் வருத்தம்.

இப்போது வரிசைக்கு வருவோம். நிலையத்துக்கு நிலையம் சிறு மாற்றங்கள் இருக்கும். நம் நாட்டுக் கனநீர் நிலையங்களில் மாசு வாய்ப்பைப் பொறுத்து இடங்களை மண்டலம் 1 முதல் 4 வரை பிரித்து, எல்லைகளில் ரப்பர் ஷூ மாற்றும் இடங்களை வைத்திருக்கிறார்கள். உங்கள் வேலை அனுமதிச் சீட்டில் எழுதியிருக்கும் வரிசைதான் உங்களுக்குச் சட்டம். நான் சொல்வது அதன் பின்னால் உள்ள தர்க்கம்.

கழற்றுவது உடுத்தும்போதே தொடங்குகிறது. கையுறைக்கும் ஓவரால் கைக்கும் நடுவே டேப் சுற்றுகிறார்கள் அல்லவா, அந்த டேப்பின் முனையை ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு உள்பக்கம் மடித்து விடுங்கள். ஒட்டாத வால் ஒன்று கிடைக்கும். வெளியே வரும்போது அந்த வாலைப் பிடித்து ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம். மடிக்காமல் விட்டவன், அழுக்கான ரப்பர் கையுறையோடு டேப்பின் முனையைச் சுரண்டிச் சுரண்டித் தேடி, கடைசியில் பொறுமை இழந்து பிய்ப்பான். கையுறையும் சேர்ந்து கிழியும். என் அனுபவத்தில் மணிக்கட்டில் மாசு ஒட்டியவர்களில் பாதிப் பேர் இந்த டேப்பால் மாட்டியவர்கள்தான்.

பலகைக்கு வந்ததும் மிக அழுக்கானது முதலில் போக வேண்டும். வெளிப்புற டேப், பிறகு வெளி ஷூ கவர் அல்லது ரப்பர் ஷூ, பிறகு வெளிக் கையுறை. கையுறையை விரல் நுனியைப் பிடித்து இழுக்கக் கூடாது. மணிக்கட்டுக்குக் கீழே வெளிப்புறத்தைக் கிள்ளிப் பிடித்து, உள்பக்கம் வெளியே வரும்படி உருட்ட வேண்டும். ஒன்றைக் கழற்றி மற்றக் கையின் உள்ளங்கையில் சுருட்டிப் பிடித்து, இரண்டாவதை அதன் மேலேயே புரட்டினால் இரண்டும் ஒரு பந்தாகிவிடும், அழுக்கு உள்ளே. இப்போது உங்கள் கையில் மிச்சம் இருப்பது உள் கையுறை, பெரும்பாலும் பருத்தி. அது ஓரளவு சுத்தம். அந்த ஓரளவு சுத்தமான கையால்தான் தலைமூடியை முன்னிருந்து பின்னாகத் தள்ள வேண்டும், ஓவராலின் ஜிப்பை இறக்க வேண்டும், தோளிலிருந்து உருட்டி இறக்க வேண்டும், உள் ஷூ கவரைக் கழற்ற வேண்டும்.

நீங்கள் செய்த தவறு இங்கேதான். உள் கையுறையையும் அப்போதே கழற்றிவிட்டால் இந்த நான்கு வேலையையும் வெறுங்கையால் செய்தாக வேண்டும். உள் கையுறை கடைசிவரை இருக்க வேண்டியது அதற்காகத்தான். அது கையைக் காக்கும் உறை மட்டும் அல்ல, நடுவில் நிற்கும் தரகன். அழுக்குப் பக்கத்தையும் தொடும், உங்களையும் தொடும். வேலை முடிந்ததும் அந்தப் பக்கமே தங்கிவிடும்.

ஓவராலைக் கழற்றும்போது ஒரே விதி, உள்பக்கத்தை மட்டும் தொட்டு, உள்பக்கம் வெளியே வரும்படி உருட்டுவது. சட்டையை உதறுவதுபோல உதறினால், அதுவரை துணியில் படிந்திருந்த தூசி காற்றில் எழுந்து உங்கள் மூக்கு உயரத்தில் நிற்கும். பையில் போடும்போதும் கவனம் தேவை. நிரம்பிய பையை மேலிருந்து அமுக்கினால் உள்ளே இருக்கும் காற்று எங்கே போகும்? வாய் வழியாக, உங்கள் முகத்துக்கு. பையின் வாயை முகத்துக்கு எதிர்ப்புறம் திருப்பிக்கொண்டு மெதுவாக மூடுங்கள்.

முகமூடி விஷயத்தில் எங்கள் ஆட்களுக்குள்ளேயே வாதம் உண்டு. ஓவராலுக்கு முன்பே எடுக்கச் சொல்கிற நடைமுறையும் இருக்கிறது, பின்பு எடுக்கச் சொல்கிறதும் இருக்கிறது. காய்ந்த தூசி இருந்த இடமென்றால், அதிலும் ஆல்ஃபா மாசு இருக்கக்கூடிய இடமென்றால், ஓவராலை உருட்டி இறக்கும்வரை முகமூடி முகத்தில் இருப்பதுதான் நல்லது என்பது என் கட்சி. ஆல்ஃபா துகள் தோலின் மேலிருக்கும் இறந்த அடுக்கைக்கூடத் தாண்டாது. மூச்சில் போய் நுரையீரலில் உட்கார்ந்தால் கதை வேறு. எடுக்கும்போது சற்று முன்னால் குனிந்து, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, பின்பக்கப் பட்டையைப் பிடித்து முன்னால் இழுங்கள். முகமூடியின் முன்பக்கத்தைக் கையால் பற்றாதீர்கள். நாள் முழுக்க அழுக்குக் காற்றை இழுத்து வடிகட்டியது அந்தப் பக்கம்.

பிறகு பலகையைத் தாண்டுவது. பலகையில் உட்கார்ந்தபடி, இரண்டு காலும் அழுக்குப் பக்கம். ஒரு காலின் உள் ஷூ கவரை உருட்டிக் கழற்றி, அந்தக் கால் அழுக்குத் தரையை மறுபடி தொடாமல் அப்படியே சுத்தப் பக்கத்துக்குச் சுழற்றி வையுங்கள். பிறகு மற்றது. நின்றபடி ஒற்றைக் காலில் தள்ளாடிச் சுவரில் கை ஊன்றுவார்கள் பாருங்கள், அந்தச் சுவரை நாங்கள் வாரம் ஒரு முறை துடைக்க வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் கூச்சப்படாமல் ஸ்டூல் கேளுங்கள். இரண்டு காலும் இந்தப் பக்கம் வந்த பிறகு உள் கையுறையை உருட்டி அந்தப் பக்கக் கூடையில் போடுங்கள். அவ்வளவுதான்.

இத்தனையையும் பாழாக்குவது ஒரு சின்ன அரிப்பு. ஒரு மே மாத நிறுத்தத்தின்போது நல்ல வேலைக்காரர் ஒருவர் தலைமூடியைத் தள்ளிய கையோடு நெற்றி வியர்வையை வழித்தார். முக்கால் நொடி. மிளகாய் நறுக்கிய கையால் கண்ணைத் தேய்க்கிற மாதிரி, யோசித்துச் செய்வதல்ல. சோதனைக் கருவியை அவருடைய காலில் கொண்டுபோனேன், அமைதி. மார்பு, அமைதி. நெற்றிக்கு வந்ததும் பொரிகடலை வறுக்கிற சத்தம். "நான் தொடவே இல்லை சார்" என்றார், அப்போதும் கை நெற்றிக்குப் போனது. அதற்குப் பிறகு புதியவர்களுக்குப் பயிற்சி தரும்போது உடையின் மேல் கோலப்பொடியைத் தூவிவிட்டுக் கழற்றச் சொல்வேன். உள்ளே கறுப்புச் சட்டை. கழற்றி முடித்து நிற்பவன் தன் சட்டையைக் குனிந்து பார்க்கும் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். எந்தப் படவிளக்கமும் அதற்கு ஈடாகாது.

இரண்டாவது கேள்வி, பேட்ஜ். இதில் குழப்பம் இயல்பு, ஏனென்றால் உங்களிடம் இரண்டு சாதனம் இருக்கிறது. ஒன்று டிஎல்டி பேட்ஜ். நம் நாட்டில் பயன்படுவதில் கால்சியம் சல்ஃபேட்டில் சிறிது டிஸ்ப்ரோசியம் கலந்த மூன்று வில்லைகள் இருக்கும். ஒன்று உலோக வடிகட்டிக்குக் கீழே, ஒன்று பிளாஸ்டிக்குக் கீழே, ஒன்று திறந்தபடி. கதிர் பட்டால் அதன் ஆற்றலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் சூடாக்கினால் அதை வெளிச்சமாக விடும். அந்த வெளிச்சத்தை அளந்துதான் உங்கள் டோஸை, அதாவது உடம்பு வாங்கிய கதிரின் அளவை, கணக்கிடுவார்கள். இது உங்களிடம் எதையும் உடனே சொல்லாது. இன்னொன்று நேரடியாகப் படிக்கும் டோசிமீட்டர். நான் சேர்ந்த காலத்தில் பேனா மாதிரி இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும், கீழே போட்டால் முள் எல்லையைத் தாண்டி ஓடிவிடும். இப்போது எண் காட்டுவது, அலாரம் அடிப்பது வந்துவிட்டது.

இரண்டும் அனலை அளப்பவை. அவற்றின் மேலேயே கரி ஒட்டிவிட்டால்? நீங்கள் வீட்டுக்குப் போன பிறகும் பேட்ஜ் மாட்டும் இடத்தில் தொங்கியபடி அந்தக் கரியின் கதிரை வாங்கிக்கொண்டே இருக்கும். உங்கள் கணக்கில் நீங்கள் வாங்காத டோஸ் ஏறும். அதனால்தான் மெல்லிய பாலித்தீன் உறையில் போட்டுத் தருகிறார்கள். பொதுவாக டிஎல்டி மார்பளவில் ஓவராலுக்கு உள்ளே இருக்கும். எண்ணை அடிக்கடி பார்க்க வேண்டிய டோசிமீட்டர் வெளியே, உறைக்குள். பீட்டாக் கதிர் அதிகமுள்ள வேலையென்றால் துணியே கொஞ்சம் பீட்டாவை மறைத்துவிடும் என்பதால் எங்கே மாட்டுவது என்பதைப் பாதுகாப்புப் பிரிவே முடிவு செய்யும், நீங்களாக மாற்றாதீர்கள்.

கழற்றும்போது நினைவில் வைக்க வேண்டியது, அழுக்குப் பக்கத்தில் நிற்கும்வரை அனல் அடித்துக்கொண்டேதான் இருக்கிறது. ஆகவே பேட்ஜ் அந்தப் பகுதியை விட்டு உங்களோடுதான் வெளியே வர வேண்டும், உங்களுக்கு முன்னால் அல்ல. உள்ளே மாட்டியது தன் இடத்திலேயே இருக்கட்டும். வெளியே மாட்டிய டோசிமீட்டரை, வெளிக் கையுறை போன பிறகு, ஓவராலை இறக்குவதற்கு முன்பு எடுக்க வேண்டும். உறையின் வாயைத் திறந்து பிடியுங்கள். சுத்தப் பக்கத்தில் நிற்கும் உதவியாளர் உறையைத் தொடாமல் சாதனத்தை மட்டும் எடுத்துக்கொள்வார், உறை குப்பைக்குப் போகும். உடம்பைச் சோதித்து முடித்த பிறகு பேட்ஜையும் டோசிமீட்டரையும் சோதித்து, எண்ணை எழுதி, பேட்ஜை அதன் இடத்தில் மாட்ட வேண்டும். உங்கள் கேள்விக்கு ஒரு வரியில் பதில்: உடலிலிருந்து எடுப்பது எப்போதானாலும், கடைசியாகச் சோதிக்கப்படுவது பேட்ஜ்.

ஒருவர் பேட்ஜை ஓவரால் பையிலேயே மறந்துவிட்டார். அது சலவைக்குப் போகும் அழுக்குத் துணிக் கூடையில் இரண்டு நாள் கிடந்தது. அந்த மாதம் அவர் பெயரில் வந்த எண்ணைப் பார்த்து அலுவலகமே கூடிவிட்டது. அன்றாட டோசிமீட்டர் குறிப்பு, கூட வேலை செய்தவர்களின் டோஸ் இவற்றை வைத்து உண்மையான கணக்கைத் தேடிப் பிடிக்க எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கசப்பானது. இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளருக்கான வரம்பு ஐந்து ஆண்டுகளில் 100 மில்லிசீவர்ட் (டோஸை அளக்கும் அலகு), அதாவது ஆண்டுக்குச் சராசரி 20. எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. எண் ஏறினால் உங்களை அந்த வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். நிரந்தர ஊழியருக்கு வேறு இடம் கிடைக்கும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு வீடு. அதனால் பேட்ஜை அறையில் விட்டுவிட்டுப் போகும் ஆசை சிலருக்கு வரும். 2011 டிசம்பரில் ஃபுகுஷிமாவில் துணை ஒப்பந்த நிறுவனம் ஒன்று தன் ஆட்களின் டோசிமீட்டர்களை ஈயத் தகட்டால் மூடச் சொன்னது அடுத்த ஆண்டு வெளியே வந்தது. அந்த எண்ணை மறைத்தவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஈயம் மூடியது டோசிமீட்டரைத்தான், மார்பை அல்ல. பின்னாளில் நோய் என்று வந்து நின்றால், உங்கள் பக்கம் பேசும் ஒரே சாட்சி அந்த வில்லைகள்தான். அதன் வாயை நீங்களே அடைக்காதீர்கள்.

அலாரத்தை நம்பாமல் போவதும் அதே வகைத் தவறு. 2011 மார்ச் 24 அன்று ஃபுகுஷிமாவின் மூன்றாம் உலையின் டர்பைன் கட்டட அடித்தளத்தில் மூன்று பேர் கேபிள் போட்டுக்கொண்டிருந்தார்கள். முந்தைய நாள் அங்கே தண்ணீர் இல்லை, அன்று இருந்தது. டோசிமீட்டர் அலாரம் அடித்தது, ஏதோ கோளாறு என்று நினைத்து வேலையைத் தொடர்ந்தார்கள். இரண்டு பேர் போட்டிருந்தவை உயரம் குறைந்த காலணிகள். கதிரியக்க நீர் உள்ளே இறங்கிக் காலை நனைத்தது. மூவரும் 170 மில்லிசீவர்ட்டுக்கு மேல் வாங்கினார்கள். அதே நிலையத்தில் 2023 அக்டோபரில் குழாய் கழுவும்போது ஹோஸ் கழன்று கழிவு நீர் சிதறியது. நீர்புகா மேலுடை போடாத இருவருக்கு, எவ்வளவு கழுவியும் தோலில் இருந்த மாசு சதுர சென்டிமீட்டருக்கு 4 பெக்கரல் (கதிரியக்கத்தின் அலகு) என்ற அங்குள்ள வெளியேறும் அளவுக்குக் கீழே இறங்கவில்லை. மருத்துவமனைக்குப் போனார்கள். நனைந்த துணி துணியே அல்ல, தம்பி. உள்ளே நனைந்துவிட்டது என்று தோன்றினால் வேலையை அப்படியே விட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

சோதிப்பதற்கு வருவோம். கையில் பிடிக்கும் சோதனைக் கருவியை எடுக்கும் முன் கையைச் சோதியுங்கள். கருவியை மேசையிலேயே வைத்து, கையை அதன் மேல் காட்டி. அழுக்குக் கையால் கருவியை எடுத்தால் அடுத்தவனுக்கும் சேர்த்து வினை. பிறகு தலை. வாய், மூக்கு அருகில் சில நொடி நிறுத்துங்கள். அங்கே சத்தம் கேட்டால் உள்ளே போயிருக்கலாம் என்று பொருள். கழுத்து, தோள், கை, முழங்கை, மார்பு, முதுகு, உட்காரும் இடம், முழங்கால், கடைசியாக உள்ளங்கால். தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரம், நொடிக்கு ஐந்து சென்டிமீட்டர் வேகம். ஒழுங்காகச் செய்தால் இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பதினைந்து நொடியில் முடிப்பவர்கள் உடம்பைச் சோதிக்கவில்லை, சாமிக்குக் கற்பூரம் காட்டுகிறார்கள். கண்ணைவிடக் காதை நம்புங்கள். முள் நகர நேரமாகும், டிக் சத்தம் முந்திக்கொள்ளும். அதனால்தான் சோதிக்கும் இடத்தில் பின்னணிக் கதிர்வீச்சு குறைவாக இருக்க வேண்டும். சந்தை இரைச்சலில் கொலுசுச் சத்தம் கேட்காது.

காதில் செருகிய பேனா, கண்ணாடி, அடையாள அட்டைக் கயிறு, இவற்றையும் சோதியுங்கள். நான் பார்த்ததில் மிகப் பிடிவாதமான மாசு ஒரு பேனாவில் இருந்தது.

வாசல் மானிட்டர் அலறினால் ஓடாதீர்கள், நீங்களாகக் குளிக்கவும் போகாதீர்கள். அங்கேயே நின்று பாதுகாப்புப் பிரிவை அழையுங்கள். திரும்பத் திரும்ப ஏறி, ஒருமுறையாவது பச்சை வராதா என்று பார்ப்பவர்கள் உண்டு. அதற்குள் தரையெல்லாம் தடம். அலறியதற்குக் காரணம் பல. பாலியெஸ்டர் துணியின் நிலைமின்சாரம், காற்றில் எப்போதும் இருக்கும் ரேடான் என்ற இயற்கைக் கதிரியக்க வாயு சிதைந்து உருவாகும் சேய்த் துகள்களை இழுத்துக்கொள்ளும். அவற்றின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், அரை மணிக்கும் குறைவு என்பதால் சிறிது நேரம் கழித்து அளந்தால் எண்ணிக்கை சரசரவென்று இறங்கியிருக்கும். உண்மையான மாசு அப்படி இறங்காது. மருத்துவமனையில் ஐசோடோப் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தவரும் மானிட்டரை அலறவைப்பார். ஸ்கேன் எடுத்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

1984 டிசம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லிமெரிக் நிலையத்தில் ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர் தொடர்ந்து மானிட்டரை அலறவைத்தார். அந்த நிலையம் அப்போது மின்னுற்பத்தியே தொடங்கவில்லை. ஒரு நாள் வேலைக்குள் போகாமல் நேராக மானிட்டரில் ஏறினார்; அப்போதும் அலறியது. மாசு அவர் வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. நிலத்தடியிலிருந்து கசிந்த ரேடான் அந்த வீட்டில் சுரங்கத்தைவிட மோசமாக நிறைந்திருந்தது. வீடுகளில் ரேடானை அளக்கும் பழக்கம் அமெரிக்காவில் பரவியதற்கு அந்த அலாரம் ஒரு காரணம்.

உங்கள் விஷயத்தில் ஷூவில்தான் ஒட்டியிருந்தது, ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு அனுப்பினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பயப்பட ஒன்றுமில்லை. கருவி தன் வேலையைச் செய்திருக்கிறது. தோலில் ஒட்டினால் வெதுவெதுப்பான நீர், சாதாரண சோப்பு, மெதுவான கை, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி. கொதிநீர் வேண்டாம். தேங்காய் நார் வேண்டவே வேண்டாம்; தோலைக் கீறிவிட்டால் வெளியே இருந்ததை உள்ளே அனுப்பியதாகும். தனித் துகளென்றால் சில சமயம் ஒட்டும் டேப்பை வைத்து எடுத்தாலே வந்துவிடும். எரிபொருளிலிருந்து வரும் நுண்துகள்கள் நிலைமின்சாரத்தால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் என்பதால் வெளிநாட்டு நிலையங்களில் அவற்றுக்குத் தெள்ளுப்பூச்சி என்றே பட்டப்பெயர்.

கனநீர் நிலையத்தில் இருப்பதால், கனநீரில் உருவாகும் கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அதன் பீட்டாக் கதிர் அவ்வளவு பலவீனமானது. பேட்ஜும் பார்க்காது, சோதனைக் கருவியும் பார்க்காது. நீராவியாக மூச்சிலும் தோல் வழியாகவும் உள்ளே போகும். காற்றுக் குழாய் பொருத்திய பிளாஸ்டிக் உடையைத் தருவது அதனால்தான். அந்த உடையைக் கழற்றும்போது காற்றை முதலில் நிறுத்திவிடாதீர்கள். வெளிக்காற்று நல்ல இடத்துக்கு வந்த பிறகுதான். உள்ளே போனதை அறியும் வழி சிறுநீர்ப் பரிசோதனை ஒன்றுதான். 2009 நவம்பரில் கர்நாடகத்தின் கைகா அணுமின் நிலையத்தில் குடிநீர்க் குளிர்விப்பானில் யாரோ டிரிட்டியம் கலந்த நீரை ஊற்றியதைக் காட்டிக்கொடுத்தது எந்த அலாரமும் அல்ல, ஊழியர்களின் வழக்கமான சிறுநீர் மாதிரி. மாதிரிக் குப்பியை ஒழுங்காகக் கொடுங்கள். உள்ளே போன டிரிட்டியத்தில் பாதி வெளியேறச் சுமார் பத்து நாள். நிறையத் தண்ணீர் குடித்தால் சீக்கிரம் போகும்.

இந்த வரிசை எல்லாம் எழுந்து நிற்கக்கூடியவனுக்கு. உள்ளே ஒருவர் வெயில் தாக்கியதுபோல மயங்கி விழுந்தாலோ, ரத்தம் கொட்டினாலோ, பலகை, கையுறை வரிசை எல்லாம் இரண்டாம் பட்சம். கத்தரியால் உடையை நடுவே வெட்டி, இருபக்கமும் வெளிப்புறமாகச் சுருட்டி, போர்வையில் சுற்றி அனுப்புங்கள். மாசின் பெரும்பகுதி உடையோடேயே போய்விடும். 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் தீயணைப்பு வீரர்களின் உடைகளைப் பிரிப்யாத் மருத்துவமனையில் கழற்றி அடித்தளத்தில் போட்டார்கள். அந்தக் குவியல் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் கருவியை அலறவைத்தது.

கடைசிக் கேள்வி. நீங்கள் வாங்கும் டோஸ் அனல் மாதிரி. அது உங்களிடமிருந்து யாருக்கும் தொற்றாது. வீட்டுக்கு வரக்கூடியது கரி மட்டும்தான், அதைப் பார்ப்பதற்குத்தான் வாசலில் அந்த மானிட்டர். அங்கே பச்சை வந்துதான் வெளியே விட்டார்கள் என்றால், அக்காவிடம் சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள். கை கால் கழுவிவிட்டுத் தூக்குங்கள். அது பஸ்ஸில் ஒட்டிய அழுக்குக்காக.